கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதுமா?
பழைய டிராக்டர் என்ஜினில் சிலிண்டர் ஹெட் கோளாறு அறியும் முறை

சம்பா நடவுக்குச் சேற்றுழவு நடந்து கொண்டிருக்கும் நாட்களில் டிராக்டர் நின்றுவிட்டால் விவசாயிக்கு ஏற்படும் நஷ்டம் பட்டறைச் செலவோடு முடிவதில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. முறை வைத்து வந்த வாய்க்கால் தண்ணீர் வீணாகிறது. நடவுக்குச் சொல்லி வைத்த ஆட்கள் அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். இந்த அவசரத்தில் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்றால், ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்ததைக் கேட்ட மாத்திரத்தில் "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார்கள். ஹெட்டைக் கழற்றிப் பழைய கேஸ்கெட்டை எடுத்து எறிந்து, புதியதை வைத்து முறுக்கி, மறுநாளே வண்டியை ஓட்டிச் செல்லச் சொல்வார்கள்.

இருபது நாளில் அதே தொல்லை திரும்ப வரும். இரண்டாம் முறையும் கேஸ்கெட். மூன்றாம் முறை, "என்ஜினே தேய்ந்துவிட்டது, போர் வேலை செய்தாக வேண்டும்" என்ற தீர்ப்பு. அந்தச் செலவுக்கு நகை அடகுக் கடைக்குப் போகும். இவற்றில் முதல் இரண்டு செலவும் வீண். மூன்றாவதும் பல நேரங்களில் வீணே.

கேஸ்கெட் தானாகக் கெடுவது குறைவு. அது பெரும்பாலும் வேறொரு கோளாற்றினால் அடிபடும் பொருள். அந்தக் கோளாறு என்ன என்று கண்டுபிடிக்காமல் புதியதை வைத்தால், புதியதும் அதே இடத்தில் அதே முறையில் கருகும். மணி மீட்டரில் ஐயாயிரம், ஆறாயிரம் மணி காட்டும் டிராக்டர்களிலும், பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய லாரிகளிலும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஹெட்டைக் கழற்றும் முன்பே வெளியிலிருந்து செய்யக்கூடிய சோதனைகள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஒரு காலைப் பொழுது போதும்.

நெருப்பும் நீரும் எண்ணெயும் சேரும் இடம்

சிலிண்டர்களின் மேல் மூடி போல அமர்ந்திருக்கும் கனமான வார்ப்பிரும்புப் பகுதியே சிலிண்டர் ஹெட். காற்று உள்ளே வரும் வால்வு, புகை வெளியேறும் வால்வு, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஆகியவை இதில்தான் உள்ளன. பட்டறைகளில் இன்ஜெக்டரை நாசில் என்றே சொல்வார்கள். இவற்றைச் சுற்றிலும் தண்ணீர் ஓடும் அறைகளும், ராக்கருக்கு ஆயில் ஏறும் துளையும் இருக்கும். சில டிராக்டர்களில் மூன்று சிலிண்டருக்கும் ஒரே ஹெட். சிலவற்றில் சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி ஹெட்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் இருப்பதுதான் கேஸ்கெட். நெருப்பு, நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. ஸ்டார்ட்டர் சுழற்றும்போதே டீசல் சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 கிலோ வரை அழுத்தம் உண்டாகிறது. டீசல் எரியும்போது அது இரு மடங்குக்கும் மேல் போகும். ரேடியேட்டர் தண்ணீரின் அழுத்தமோ ஒரு கிலோவைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கேஸ்கெட் உடைந்தோ, ஹெட் விரிசல் கண்டோ இருந்தால், என்ஜின் ஓடும்போது சிலிண்டரிலுள்ள புகை தண்ணீருக்குள் போகும். என்ஜின் நின்ற பிறகு தண்ணீர் மெல்லச் சிலிண்டருக்குள் இறங்கும். எனவே ஓடும்போது பார்க்க வேண்டிய இடம் ரேடியேட்டர். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் பார்க்க வேண்டிய இடம் சிலிண்டரும் ஆயிலும்.

ஹெட் என்று நினைத்து ஏமாறும் இடங்கள்

தண்ணீர் கொதித்தாலே ஹெட் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது. நெல் தூற்றும் களத்திலும், கதிரடிக்கும் இயந்திரத்தோடும் ஓடிய வண்டியின் ரேடியேட்டர் துடுப்புகளில் தூசியும் சுணையும் அடைத்திருக்கும். பின்பக்கம் ஒரு விளக்கைப் பிடித்து முன்பக்கமிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உட்புறமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் பீச்சிக் கழுவினாலே கொதிப்பு அடங்கிவிடும். பேன் பெல்ட் தளர்ந்திருப்பது, தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொள்வது, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டுப்போவது, உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய் உட்புறமாகச் சப்பிக்கொள்வது ஆகிய எல்லாமே கொதிப்பை உண்டாக்கும். கேஜ் வீல் பூட்டி ஆழச் சேற்றில் பொருந்தாத கியரில் இழுத்தாலும் கொதிக்கும்.

அடுத்து, இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர். இது கசிந்தால் "புஸ், புஸ்" என்று தாளத்தோடு சத்தம் வரும். இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி கலந்த ஈரம் படியும். கேட்பவர்கள் ஹெட் கேஸ்கெட் அடிக்கிறது என்பார்கள். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரையோ சிறிது ஆயிலையோ விட்டு, என்ஜினை மெதுவாக ஓட்டினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். ஒரு செம்பு வாஷருக்காக ஹெட்டைக் கழற்றிய பட்டறைகளும் உண்டு.

ராக்கர் மூடியின் அடியில் இருக்கும் கார்க் ஷீட் கசிந்தால் ஆயில் ஹெட்டின் பக்கவாட்டில் வழிந்து, ஹெட் கேஸ்கெட்டிலிருந்து வருவது போலவே தோன்றும். ஹெட்டின் பக்கத்தில் அடித்திருக்கும் தகட்டு மூடிகள் துருப்பிடித்து ஓட்டையானாலும் தண்ணீர் அப்படியே வழியும். ஆகவே சோதனைக்கு முந்திய நாள் என்ஜின் ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்டு நன்றாகத் துடைத்து வைக்க வேண்டும். மறுநாள் கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்

இரவு முழுதும் சமதளத்தில் நின்ற வண்டியில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பார்க்க வேண்டும். முந்திய மாலை நிரப்பிய தண்ணீர் குறைந்து, தரையில் ஈரமும் இல்லையென்றால், அது உள்ளேதான் போயிருக்கிறது. சூடான என்ஜினில் மூடியைத் திறந்து முகமும் மார்பும் வெந்துபோனவர்கள் பலர். அந்தத் தவற்றை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் முன்பிருந்ததைவிட உயர்ந்திருந்தால் அதில் தண்ணீரோ டீசலோ சேர்ந்திருக்கிறது. தண்ணீர் சேர்ந்து அடிபட்ட ஆயில் பால் விட்ட காப்பி போல் வெளுத்துவிடும். டீசல் சேர்ந்த ஆயில் நிறம் மாறாது; நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கும். அது பம்ப் அல்லது இன்ஜெக்டர் கோளாறு. ஹெட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நிறத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாவிட்டால், ஒரு பழைய இரும்புக் கரண்டியைச் சூடாக்கி அதில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால், ஈரக் கறிவேப்பிலையைத் தாளிக்கும் எண்ணெயில் போட்டது போல் சடசடவென்று பொரியும். ஈரம் இல்லாத ஆயில் சத்தமின்றிப் புகையும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் தொட்டியின் அடி போல்ட்டை மெல்லத் தளர்த்த வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் இரவில் அடியில் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது அதுதான். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்த பசை ஒட்டியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் சிறிது நேரமே ஓடி நிறுத்தப்படும் வண்டிகளில் ஈரக் காற்றினால் அப்படிப் படியும்.

தண்ணீர் கலந்த ஆயிலோடு "இந்த ஒரு வயலை மட்டும் உழுதுவிட்டு நிறுத்தலாம்" என்று ஓட்டக் கூடாது. அந்த ஆயில் பேரிங்குகளுக்கு நடுவே படலமாக நிற்காது. ஹெட்டோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போய்விடும். அந்த நாளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரையோ, பக்கத்து ஊர் வண்டியையோ அமர்த்துவது மலிவு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காலையில் ஸ்டார்ட்டரைப் போட்டதும் என்ஜின் பாதியில் கட்டை போல் நின்றால், பேட்டரி இறங்கிவிட்டது என்று எண்ணி வண்டியைத் தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம். காற்றைப் போலத் தண்ணீர் நசுங்காது. வலுவில் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, என்ஜினைக் கையால் சுற்றினால் தண்ணீர் மேலே பீச்சும். எந்தத் துளையிலிருந்து பீச்சுகிறதோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு.

குமிழிச் சோதனை

ரேடியேட்டர் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, பேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். பெல்ட் இருந்தால் தண்ணீர் பம்ப் சுழன்று தண்ணீர் கலங்கும். குமிழியைப் பிரித்தறிய முடியாது. பேனிலும் கை படாது. மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, மெதுவாகவும் பிறகு சற்று வேகமாகவும் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிதாக நிரப்பிய தண்ணீரில் முதலில் சில காற்றுக் குமிழிகள் வந்து நின்றுவிடும். அவை கணக்கில் இல்லை. ஆனால் தொடர்ந்து குமிழி வந்து, வேகம் கூட்டும்போது அதுவும் கூடினால், சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் போகிறது என்பது உறுதி. தண்ணீர் சூடேறுவதற்குள் வரும் குமிழி கொதிப்பினால் வருவதல்ல என்பதே இச்சோதனையின் பலம். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பம்ப் ஓடாத நிலையில் ஹெட் சீக்கிரம் சூடேறும்.

பெல்ட்டை மாட்டி மூடியையும் போட்டு ஓட்டினால் இன்னொரு அடையாளம் கிடைக்கும். ஸ்டார்ட் செய்து இரண்டு, மூன்று நிமிடத்தில், தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாத நிலையில், ரேடியேட்டரின் மேல் குழாயை அழுத்தினால் கல் போல் இறுகியிருக்கும். நல்ல என்ஜினில் அந்நேரத்தில் அது மெதுவாகவே இருக்கும்.

குமிழியே இல்லை, சிலிண்டர்கள் நன்றாக இழுக்கின்றன, ஆயிலில் மட்டும் தண்ணீர் சேர்கிறது என்றால், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும். தண்ணீரில் நேராக அமரும் லைனர்களை உடைய என்ஜின்களில் லைனரின் அடிப்பகுதியில் ரப்பர் வளையங்கள் உண்டு. அவை பழுதானால் தண்ணீர் நேரே ஆயில் தொட்டியில் சொட்டும். அடித் தொட்டியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை நிரப்பி, கீழே படுத்து விளக்கு வைத்துப் பார்த்தால் எந்த லைனரின் ஓரத்தில் துளி தொங்குகிறது என்று தெரிந்துவிடும். இங்கே கேஸ்கெட் எத்தனை மாற்றினாலும் பயனில்லை.

புகையின் நிறம்

வெள்ளைப் புகை இரண்டு வகை. கண்ணைக் கரித்து, பச்சை டீசல் வாடையோடு வந்தால் அது எரியாத டீசல். இன்ஜெக்டர் சரியாகப் பீச்சாமலோ, அழுத்தம் குறைந்தோ இருக்கலாம். கண் எரியாமல், சோற்றுப் பானையின் ஆவி போல் வந்து கொஞ்ச தூரத்தில் மறைந்துவிட்டால் அது நீராவி. பனிக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது ஆவி வருவது இயல்பு. என்ஜின் சூடேறிய பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரும் குறைந்துகொண்டே போனால் மட்டுமே ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. ஆயில் ரிங் வழியாக வருகிறதா, வால்வு கைட் வழியாக இறங்குகிறதா என்று பிரித்தறிந்தால் பெரும் செலவு மிச்சமாகும். இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கவளம் நீலப் புகை விட்டுப் பிறகு தெளிந்தாலோ, சிறிது நேரம் ஐடிலில் நின்று திடீரென்று ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் நீலம் வந்தாலோ, கைட் தேய்ந்திருக்கிறது எனலாம். அது ஹெட் வேலையோடு முடியும். சுமை இழுக்கும்போதெல்லாம் நீலமாக வந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடுப்பூதும் குழல் போல் குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. அப்போது ஹெட்டை மட்டும் புதுப்பிப்பதால் பலன் இராது. கறுப்புப் புகை பெரும்பாலும் ஏர் கிளீனர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, அதிகச் சுமை ஆகியவற்றைச் சார்ந்தது.

எந்தச் சிலிண்டர்?

என்ஜின் ஒரு காலை நொண்டுவது போல் ஓடினால், மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் வரும் டீசல் பைப் நட்டை ஒரு துணியால் மூடிக்கொண்டு அரைச் சுற்று தளர்த்திப் பார்ப்பது பழைய முறை. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் என்ஜின் தடுமாறும். எதைத் தளர்த்தினாலும் மாற்றம் தெரியவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பீச்சும் டீசலுக்கு நேரே கையைக் காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இந்த முறை சாதாரண பம்ப் உள்ள பழைய என்ஜின்களுக்கு மட்டுமே உரியது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 லாரிகளிலும், புதிய பெரிய டிராக்டர்கள் பலவற்றிலும் காமன் ரெயில் முறை உள்ளது. அவற்றில் டீசல் அழுத்தம் பல மடங்கு அதிகம். ஓடும்போது பைப்பைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. அவற்றைக் கம்பெனி கருவி வைத்திருப்பவரிடமே காட்ட வேண்டும்.

நொண்டும் சிலிண்டர் தெரிந்ததும், முதலில் அதன் இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நொண்டலும் கூடவே மாறினால் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. மாறாவிட்டால் டேப்பெட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுதும் மூடாது. புகை வால்வு என்றால் சில நாட்களில் ஓரம் கருகிவிடும். இதற்குப் பீலர் கேஜ் ஒன்று போதும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரே போதும்

கம்ப்ரஷன் அளக்கும் கேஜ் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. இருந்தாலும் பெட்ரோல் வண்டிக்கு உரிய கேஜ் டீசலின் அழுத்தத்தைத் தாங்காது. அதைவிடத் தெளிவாகச் செய்தி சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ஏனோ நம் ஊர்ப் பட்டறைகளில் இதை அதிகம் செய்வதில்லை. பழைய இன்ஜெக்டர் ஒன்றின் உட்பாகங்களை எடுத்துவிட்டு, அதன் தலையில் டயர் டியூப்பின் வால்வைப் பிரேஸிங் வைத்துக்கொண்டால் கருவி தயார். லேத் பட்டறையில் இதைச் செய்து தருவார்கள்.

சந்தேகப்படும் சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். வண்டியைக் கியரில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். காற்றழுத்தம் பிஸ்டனைத் தள்ளி என்ஜினைச் சுழற்றக்கூடும் என்பதால் பேன் அருகே கை வைக்கக் கூடாது. இந்தக் கருவியை இன்ஜெக்டர் துளையில் பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து காற்றைச் செலுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஏர் கிளீனர் குழாயில் சீறல் கேட்டால் காற்று வால்வு சரியாக அமரவில்லை. சைலன்சரில் கேட்டால் புகை வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் பலமாகக் கேட்டால் ரிங். இங்கே லேசான சீறல் நல்ல என்ஜினிலும் இருக்கும். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் கழற்றி வைத்திருந்து, அந்தத் துளையில் காற்று வந்தால் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் உடைந்திருக்கிறது. இவ்வளவும் ஹெட்டைக் கழற்றாமலே தெரிகிறது. பட்டறைக்காரரிடம் "எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம்" என்று பேச விவசாயிக்கு இதைவிட உறுதியான ஆதாரம் வேறில்லை.

கழற்றிய பின் பார்க்க வேண்டியவை

கழற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், விவசாயி அன்று பட்டறையில் உடனிருப்பது நல்லது. கழற்றிய கேஸ்கெட்டைக் குப்பையில் போட விடக் கூடாது. சிலிண்டர் துளையிலிருந்து தண்ணீர்த் துளை வரை கறுப்பாகக் கருகிய தடம் இருந்தால், அந்த இடத்துக்கு நேர் மேலே ஹெட்டிலும் நேர் கீழே பிளாக்கிலும் காரணம் இருக்கும். பிஸ்டன் தலைகளையும் பார்க்க வேண்டும். மற்றவை கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல் இருந்தால் தண்ணீர் அதில்தான் இறங்கியிருக்கிறது.

ஹெட்டின் அடிமுகத்தைக் கீறாமல் சுத்தம் செய்து, நேரான எஃகுப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவாட்டத்திலும் வைத்து, அடியில் பீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கப்படும் வளைவு பெரும்பாலான என்ஜின்களில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே. கையேட்டில் உள்ள அளவே முடிவானது. வளைந்த ஹெட்டுக்குப் புதிய கேஸ்கெட் வைப்பது சாய்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. முகத்தைக் கிரைண்டிங் செய்யலாம், ஆனால் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிகம் எடுத்தால் வால்வு கீழே நீண்டு பிஸ்டனில் இடிக்கும். ஆகவே முகம் எடுத்த பிறகு வால்வு எவ்வளவு உள்ளடங்கி இருக்கிறது என்று அளந்தே மூட்ட வேண்டும்.

பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது லைனரின் உயரம். பல என்ஜின்களில் லைனரின் விளிம்பு பிளாக் மட்டத்தைவிட மயிரிழை அளவு உயர்ந்திருந்தால்தான் கேஸ்கெட் அங்கே இறுகும். பல்லாயிரம் மணி உழைத்த என்ஜினில் லைனர் அமரும் படி தேய்ந்து, லைனர் கீழே இறங்கிவிடும். மூன்று முறை கேஸ்கெட் மாற்றியும் நிற்காத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லைனரின் மேல் ஓரத்தில் விரல் நகத்தை மேல்நோக்கி இழுத்தால் தட்டும் வரம்பு எவ்வளவு என்பதும் அப்போதே தெரியும். வரம்பு பெரிதாக இருந்தால் போர் வேலையை அன்றே யோசிக்கலாம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

விரிசல் பெரும்பாலும் இரண்டு வால்வுகளுக்கு நடுவேயும், வால்வுக்கும் இன்ஜெக்டர் துளைக்கும் நடுவேயும் காணும். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புப் பொடியைத் தூவி வைத்தால், விரிசலிலிருந்து எண்ணெய் கசிந்து கோடு காட்டும். இது முதல் சோதனை மட்டுமே. தண்ணீர் அறைக்குள் போகும் விரிசலை, ஹெட்டின் துளைகளை அடைத்துச் சுடுதண்ணீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்துத்தான் அறிய முடியும். லாரித் தொழில் மிகுந்த நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் ஹெட் வேலையைத் தனித் தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பு விரிசலுக்கு வெல்டிங் வைத்தவை நிலைப்பது நிச்சயமில்லை. பழைய இரும்புக் கடையில் ஹெட் வாங்குவதாக இருந்தால், அழுத்தச் சோதனை முடிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

வால்வு அமர்வைப் பார்க்க, இன்ஜெக்டரைப் பொருத்தியபடியே ஹெட்டைத் தலைகீழாகச் சமமாக வைத்து, வால்வுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடங்கள் விட வேண்டும். காற்று வரும் வாயிலோ புகை போகும் வாயிலோ ஈரம் தெரிந்தால் அந்த வால்வைத் தேய்த்து அமர்த்த வேண்டும்.

மூட்டும்போது

போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் முறுக்கும்போது பிளாக்கே வெடிக்கக்கூடும். துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். நடுவிலுள்ள நட்டிலிருந்து தொடங்கி இருபுறமும் வெளிநோக்கிச் சென்று, மூன்று தவணையாக, டார்க் ரென்ச் கொண்டு கையேட்டிலுள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். பைப்பை மாட்டி இரண்டு பேர் தொங்கி முறுக்குவதால் கேஸ்கெட் நன்றாக இறுகுவதில்லை. ஸ்டட் நீண்டு பலம் இழக்கிறது. சூடான பிறகு மறுபடி முறுக்க வேண்டுமா என்பது கேஸ்கெட்டின் வகையைப் பொறுத்தது. கையேடு சொல்லியிருந்தால் தவறாமல் செய்து, டேப்பெட்டையும் மீண்டும் சரி செய்ய வேண்டும். முறுக்கியதும் டேப்பெட் இடைவெளி மாறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேர் எங்கே?

வளைந்த ஹெட், விரிந்த ஹெட், கருகிய கேஸ்கெட் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் மூலம் தண்ணீர்தான். கொங்குப் பகுதியிலும் வறண்ட மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் படியும் அதே காரைதான் ஹெட்டின் தண்ணீர் அறையிலும், முக்கியமாகப் புகை வால்வைச் சுற்றிலும் படிகிறது. இரும்பைவிட இந்தக் காரை வெப்பத்தைப் பல மடங்கு குறைவாகவே கடத்தும். மீட்டர் சரியான சூட்டைக் காட்டும்போதே வால்வு ஓரம் பழுக்கக் காய்ந்திருக்கும். கொதித்த வண்டியில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினால் அந்தக் காய்ந்த இரும்பு ஒரே நொடியில் விரிசல் விடும். கொதித்தால் சுமையை இறக்கிவிட்டு என்ஜினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, தொட்டால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே தண்ணீர் விட வேண்டும். தண்ணீரே இல்லாமல் வறண்டுவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது டிரைவர்களிடையே ஒரு பழக்கம். ரேடியேட்டரின் ஊசித் துளையை அது ஒரு நாள் தாக்காட்டலாம். சிலிண்டர் அழுத்தத்தின் முன் அது நிற்காது. குறுகிய தண்ணீர் வழிகளை அடைத்து, இருக்கும் கொதிப்பை அதிகமாக்கும்.

காய்ச்சி வடித்த நீரோடு கம்பெனி சொல்லும் கூலன்டைக் கலந்து, குறித்த காலத்தில் மாற்றிவந்தால் காரையும் துருவும் சேராது. வடித்த பழைய கூலன்டைத் தொழுவத்தின் பக்கம் கொட்டக் கூடாது. அதன் இனிப்புக்காக ஆடு மாடும் நாயும் நக்கும்; அது கொடிய விஷம். மூடியுள்ள கேனில் பிடித்துக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைகள் உதவும். பெயின்ட் பளபளப்பையும் டயரையும் பார்ப்பதற்கு முன், என்ஜினின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும், குளிர்ந்திருக்க வேண்டும். ஆயில் குச்சி, ரேடியேட்டர் மட்டம், முதல் ஸ்டார்ட்டில் வரும் புகை, குமிழி ஆகிய நான்கையும் அந்தக் குளிர்ந்த நிலையில்தான் காண முடியும். ஹெட்டின் ஓரத்தில் மட்டும் புதிய பசையோ புதிய பெயின்ட்டோ தெரிந்தால் எப்போது, எதற்காகக் கழற்றினார்கள் என்று கேட்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அன்று விலை பேசாமல், மறுநாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.